கார்த்திகையில் கையெழுத்து, தையில் பதிவு

மார்கழி பிறப்பதற்கு முந்தைய வாரம் எங்கள் பக்கத்தில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும், கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். பட்டுச் சேலைகள், மல்லிகைப் பூ, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிடும் பெரியவர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும்தான் இல்லை. மார்கழியில் வீடு, நிலம் வாங்குவதோ விற்பதோ நம் ஊரில் வழக்கமில்லை. ஆகவே கார்த்திகை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடி வருவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய பதிவுச் சட்டத்துக்கு மார்கழி என்று ஒரு மாதம் இருப்பதே தெரியாது. அதைச் சனங்களுக்கு எடுத்துச் சொல்லித் தோற்றுப்போய், சார்பதிவாளராகவே ஓய்வு பெற்றவன் நான்.

மார்கழி பிறந்ததும் அலுவலகம் ஓய்ந்துவிடும். காலைப் பனி ஜன்னல் கம்பிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். மேசை மேல் கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் கிடக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வயலோ கிணறோ மாடி வீடோ மடிந்து கிடக்கும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கோ ஓர் அறையில் யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள், அந்த மண் வேறொருவருடையதாகிவிடுகிறது. மண்ணுக்கு அது தெரியாது. ஒரு புல்கூட அசைவதில்லை. இதை நாள்தோறும் நான் செய்துகொடுத்தேன் என்று நினைத்தால் எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும், கண்கட்டு வித்தைக்காரன் ஒருவன் அரசாங்கச் சம்பளம் வாங்கியதைப் போல.

ஊரார் நிலத்தையெல்லாம் பதிந்து கொடுத்த எனக்குச் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்; என் துறையின் மீது மக்களுக்கு இருக்கும் நல்லெண்ணம் அப்படி. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் நானும் என் மனைவியும் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனோம். அவள் நட்ட முருங்கையில் வேறு யாரோ காய் பறித்தார்கள். அவள் வளர்த்த கறிவேப்பிலையை அடுத்த குடித்தனக்காரர் வெட்டிவிட்டு, அங்கே பைக் நிறுத்தினார். ஓய்வு பெற்ற பிறகு காளவாசல் நாற்சந்திக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியேறினோம். நாள் முழுக்கப் பேருந்துகளின் ஹாரன் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் ஒருநாள் சொன்னாள்: "எனக்கு ஒரு இடம் வேணும். எந்த ஆர்டர் வந்தாலும் நான் எந்திரிக்க வேண்டாத இடம்."

அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கலாம் என்றேன். லிப்ட் உண்டு, காவலாளி உண்டு, தண்ணீர் உண்டு.

"மண்ணு?"

"அதுவும் உண்டு. பிரிபடாத பாகம்னு பத்திரத்துல எழுதுவாங்க. மொத்த இடத்துல நமக்கும் இவ்வளவு சதுரடின்னு."

"எந்த இடம்னு காட்டுவாங்களா?"

"காட்ட முடியாது. அதான் பிரிபடாத பாகம்."

"அப்ப வேணாங்க."

சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக மறுத்த மனுதாரர் என் மேசைக்கு வந்ததில்லை.

தேடியலைந்ததில் நாகமலைக்கு மேற்கே, நெடுஞ்சாலையை விட்டு வெகுதூரம் உள்ளே, ஒரு சோளக்காடு அமைந்தது. வானம் பார்த்த பூமி. ஓரத்தில் ஒரு வேப்பமரம். பக்கத்து நிலங்களிலெல்லாம் மனை பிரித்துக் கல் நட்டு, கல்லுக்கு மஞ்சளும் நீலமுமாக வண்ணமும் அடித்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் இது மட்டும் பச்சையாக நின்றது. சொந்தக்காரர் ஒரு பெரியவர், தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கத்தில் வெள்ளாமை செய்த குடும்பம். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன். மகனுக்குக் கப்பலூரில் தொழிற்சாலை வேலை. பாதியில் நிற்கும் மகனுடைய வீட்டுக்குக் கூரை போடத்தான் அவர் விற்கிறார் என்று தரகர் சொன்னார்.

பெரியவர் என்னிடம் பேசவே இல்லை. என் மனைவியிடம்தான் கேட்டார்.

"தாயி, ஒனக்குத்தான் வாங்குறியா? இல்ல சாரு வாங்கிக் கைமாத்தி விக்கப் போறாரா?"

"எனக்குத்தான் அய்யா."

"வாங்கி என்ன செய்வ?"

"மொதல்ல ஒரு வருஷம் சும்மா உக்காந்திருப்பேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. மத்தவய்ங்க வந்தா இஞ்ச் டேப்போட வாராய்ங்க."

அவள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வில்லங்கச் சான்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடமானம் இல்லை, ஜப்தி இல்லை. மூலப்பத்திரம் அவருடைய அப்பா பெயரில் இருந்து அவருக்குப் பாகமாக வந்திருந்தது. பட்டா அவர் பெயரில். புல எண்ணும் வரைபடமும் ஒத்துப்போயின. இத்தனை சுத்தமான நிலத்தை நான் வேலையில் இருந்தபோது அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் நாளில் வந்தது. விலை பேசி முடித்தபோது கார்த்திகை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பதிவுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். திறந்து பார்த்தால், மாதக் கடைசி வரை ஒரு டோக்கன்கூட மிச்சமில்லை. மற்ற எல்லோருக்கும் மார்கழி வரப்போவது தெரிந்திருந்தது. தையில் எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

"பேச்சு கார்த்திகையில முடிஞ்சுச்சு. எழுத்த தைக்குத் தள்ளுனா எழவு வீட்டுப் பேச்சு மாதிரி அது நிக்காது" என்றார் பெரியவர். "நல்ல நேரம் பாத்துக் கையெழுத்த இப்பப் போட்டுருவோம். தையில போயி பதிஞ்சுக்கிருவோம். அப்புடிச் செய்யலாமா, கூடாதா? நீங்கதான் அந்த ஆபீசுல இருந்தவரு."

செய்யலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்பது சட்டம். ஆனால் அதை நம்பிப் பதிவுக்கு முன்னால் முழு விலையையும் கொடுக்காதீர்கள் என்று என் மேசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நான் சொல்லியிருக்கிறேன். இதை என் மனைவியிடமும் சொன்னேன்.

"அவரு கூரை போடணும்ங்க" என்றாள் அவள்.

ஆக, கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை, பத்திர எழுத்தரின் சின்னக் கடையில் நாங்கள் உட்கார்ந்தோம். விலை வங்கி வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவர் பத்திரத்தை வாங்கி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மஞ்சள் தடவினார். பிறகு எழுத்தரைப் படிக்கச் சொன்னார். சர்வ சுதந்திர பாத்தியம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்று எழுத்தர் ஒரே மூச்சில் ஓட்டினார். பத்திரத் தமிழ் அப்படித்தான். யாருக்கும் புரியாமல் இருப்பதால்தான் அதற்கு இன்னமும் மரியாதை இருக்கிறது.

"இம்புட்டும் எதுக்கு?" என்றார் பெரியவர்.

"இனிமே அது ஒங்களுது இல்லங்குறதுக்கு அண்ணே" என்றார் எழுத்தர்.

"அத ஒரு வரியில சொல்லிறலாம்ல? நிக்கிற சோளம் மட்டும் என்னுது. அறுத்துட்டுத்தான் குடுப்பேன். அத எழுதுனியா?"

எழுதியிருந்தது. அவர் நல்ல நேரம் முடிவதற்குள் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மனைவியும் போட்டாள். சாட்சிகளும் போட்டார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கையெழுத்தானாலும் பதிவாகாத கிரையப் பத்திரம் நிலத்தை யாருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அது வெறும் தாள், மஞ்சள் வாசனை அடிக்கும் தாள். ஆனால் பதிவாகிவிட்டால், உரிமை பதிவான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கையெழுத்தான நாளுக்கே திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குகிறது. தையில் விழும் முத்திரை கார்த்திகையைத் தொடும். சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. காலத்தைப் பின்னால் திருப்பும் உரிமையைக் கடவுளுக்குக்கூட யாரும் தந்ததில்லை, சார்பதிவாளருக்குத் தந்திருக்கிறார்கள்.

மார்கழி நடுவில் ஒருநாள் விடியற்காலை அலைபேசி அடித்தது. பெரியவரின் மகன். முந்தின நாள் மத்தியானம் குருவி விரட்டிக்கொண்டிருந்த அப்பா வேப்பமரத்தடியில் சாய்ந்து படுத்தாராம், பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

போய் மாலை போட்டுவிட்டு வந்தோம். பனி விலகாத சாலையில் ஆட்டோ மெல்லப் போயிற்று. மலை இருக்க வேண்டிய இடத்தில் வெண்மைதான் இருந்தது. மனைவி அந்த வெண்மையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, அவரு செத்தது யாரு நிலத்துல?"

"பதிவு ஆகலைன்னா அவரோட நிலத்துல."

"ஆச்சுன்னா?"

"உன் நிலத்துல."

"அது எப்படிங்க? செத்தாச்சு. இனிமே போயி இடம் மாறுமா?"

மாறும் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பனிக்குள் எங்கோ ஒரு வேப்பமரம், இரண்டு பேருக்கும் சொந்தமாகவும் ஒருவருக்கும் சொந்தமில்லாமலும் நின்றுகொண்டிருந்தது.

எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் பத்திரம் இறந்துவிடாது. அவருடைய வாரிசு நேரில் வந்து, இது என் தகப்பனார் எழுதிக்கொடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டால் பதிந்துவிடலாம். மகன் வர வேண்டும், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காரியம் முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று காத்திருந்துவிட்டு, தை நடுவில் அவர்கள் ஊருக்குப் போனோம். துக்க வீடாகையால் பொங்கலின் சுவடே இல்லை. புதுக் கூரையின் கீழ் சாரக் கம்புகளை இன்னும் பிரிக்காத கூடத்தில் நாற்காலி போட்டார்கள். மகன் முப்பது வயசுக்காரர், சிவந்த கண்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார் மகன். "நெலத்தக் குடுக்க மாட்டேன்னு சொல்லல. வருசம் கழியட்டும். தலைத் திவசத்துக்கு முன்னால போயி நான் கையெழுத்துப் போட்டா, ஈரம் காயல அதுக்குள்ள அப்பன் காட்ட வித்துட்டான்னு ஊருக்குள்ள பேசுவாய்ங்க. நான் இங்கதான இருக்கணும்."

"மாப்ள, நீ எதுக்கு அம்புட்டு வெளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க?" என்றார் மச்சான். "செத்தவரு கையெழுத்து செல்லுமா சார்?"

"போடும்போது உயிரோட இருந்தா செல்லும்."

"இருந்தாருன்னு யாரு சொல்றது?"

"இவர் சொல்லணும்."

"சொல்லலன்னா?"

சொல்லக்கூடாத ஆளிடம்தான் சொல்லுகிறோம் என்று தெரிந்தும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு விதியைச் சொல்லிவிடும் நோய் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருவது. சார்பதிவாளர் பதிய மறுப்பார். நாங்கள் மாவட்டப் பதிவாளரிடம் மனுச் செய்வோம். அவர் சாட்சிகளை விசாரிப்பார். அங்கேயும் ஆகாவிட்டால் நீதிமன்றம்.

மச்சான் திருப்தியாகத் தலையாட்டினார். "ஆக, அம்புட்டும் மாப்ள வாயில இருக்கு. அவரு வாயத் தொறக்க ஒரு வருசம் ஆகும்ங்குறாரு. நீங்க எதுக்கு சார் அவசரப்படுறீங்க, பென்சன் வருதுல்ல?"

ஒரு வருடம் காத்திருக்க முடியாது. நான்கு மாதம், தண்டம் கட்டினால் இன்னும் ஒரு நான்கு மாதம். அதற்குப் பிறகு அந்தப் பத்திரத்தை எந்த அலுவலகமும் வாங்காது. இதை விளக்கினேன். மகன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் டீ வாங்கிவரக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மனுவை மனதுக்குள் எழுத ஆரம்பித்தேன். எந்தப் பிரிவு, எந்தச் சாட்சி, எந்த நாள் என்று வாக்கியங்கள் தாமாக வந்து விழுந்தன. நெடுநாள் கழித்து எனக்கு உற்சாகமாக இருந்தது. மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"கேஸ் போட்டு வாங்குன மண்ணுல நான் உக்கார மாட்டேன்."

"அப்ப கொடுத்த பணம்?"

"அது அவரு வீட்டுக் கூரையில இருக்கு. அதப் பிரிச்சுட்டா வர முடியும்?"

மறுநாள் காலையில் அவள் கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்டேன். சோளத்துக்கு என்றாள். நாங்கள் திரும்பி வரும்போது ஆட்டோவிலிருந்து பார்த்திருந்தாளாம். கதிர் முற்றி நின்றது, கிளிகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன, விரட்ட ஒரு ஆள் இல்லை. மகனுக்கு ஷிப்ட் வேலை. மருமகளுக்குக் கைக்குழந்தை.

"அந்தச் சோளம் அவங்களோடது" என்றேன். "பத்திரத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"கிளிக்குந்தான் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

அவளைத் தனியாக அனுப்ப முடியாமல் நானும் போனேன். மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் போத்தல், தயிர் சாதம். வேப்பமரத்தில் பெரியவர் கட்டிவிட்டுப் போயிருந்த தகரம் அப்படியே தொங்கியது, ஒரு குச்சியோடு. பதிவாகாத நிலத்தில், இறந்தவருடைய பயிரை, இன்னும் வாங்காத ஒருத்தி காவல் காத்தாள். அவளுக்கு உதவியாக, ஓய்வு பெற்ற சார்பதிவாளர் ஒருவர் தகரம் தட்டினார். எந்தப் பிரிவிலும் இதற்கு இடமில்லை.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் ஒன்றோடொன்று கலந்துதான் வருகின்றன. காலையில் கதிர்கள் மேல் பனி இருக்கும். வெயில் ஏறியதும் காடு முழுவதும் ஒரு இனிப்பு வாசனை எழும். காற்று வரும்போது சோளத் தோகைகள் உரசுகிற சத்தம், யாரோ நிறைய பேர் ஒரே நேரத்தில் பத்திரங்களைப் புரட்டுவது போல் எனக்குக் கேட்கும். மத்தியானத்தில் நாகமலை நீளமாகப் படுத்து, நிறம் வெளுத்து, வானத்தோடு போய்விடும். கிளிகள் சத்தமில்லாமல் வந்து இறங்கும். பச்சையில் பச்சை தெரியாது. கதிர் ஒன்று காற்றில்லாமல் ஆடினால்தான் தெரியும். அவள் "ஓய்" என்று ஒரு குரல் கொடுப்பாள். அத்தனை வருடமாக வாடகை வீடுகளில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் பேசிப் பழகியவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு பச்சைத் துணியை உதறியது போலக் கிளிகள் எழுந்து போகும். நான் நாற்காலியில் பாதி தூங்கிவிடுவேன். கண்ணைத் திறக்கும்போது அவள் இருக்க மாட்டாள். சோளத்துக்குள் எங்கோ நடந்துகொண்டிருப்பாள், அவள் போகிற வழியில் கதிர்கள் மட்டும் விலகி விலகி மூடும்.

யாருடைய நிலத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அந்த நேரங்களில் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சட்டத்தாலும் முடியாது. அது எதிர்காலத்தில் ஒருவர் சொல்லப்போகும், அல்லது சொல்லாமல் விடப்போகும், ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மகன் ஒருநாள் பிற்பகல், கப்பலூரிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். சீருடைச் சட்டையில் எண்ணெய்க் கறை. வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் எங்களையே பார்த்தார். ஊருக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்.

"கிளி தின்னுது தம்பி."

"தின்னுட்டுப் போகுது."

"ஒங்கப்பா வெதச்சது."

அவர் மரத்தடியில் உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். நான் பேச வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"தம்பி, நீங்க சொன்னத யோசிச்சேன்" என்றாள். "வருசம் கழிச்சே வாங்க. நாங்க காத்திருக்கோம். அந்தப் பழைய பத்திரம் போகட்டும். நீங்க புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. எனக்கு அவசரமில்ல."

எனக்கு நாற்காலியே சரிந்தது போலிருந்தது. அந்தப் பத்திரம்தான் எங்கள் கையில் இருந்த ஒரே பிடி. அதை விட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து வரும் மனசை நம்புவதா? ஆனால் மகன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"புதுசுன்னா எப்படி சார் எழுதுவாங்க? அப்பா பேருலயா?"

"இல்ல. இறந்தவர் பேர்ல புதுசா எழுத முடியாது. வாரிசுங்குற முறையில உங்க பேர்ல. எழுதிக்கொடுப்பவர் நீங்க."

"விக்கிறது நானு."

"ஆமா. நீங்கதான் விற்பவர்."

"இப்ப வந்தா?"

"இப்ப வந்தா நீங்க எதையும் விக்கல. உங்க அப்பா வித்தது. கார்த்திகையிலயே வித்தாச்சு. அவர் கையெழுத்துதானான்னு கேப்பாங்க, நீங்க ஆமான்னு சொல்லணும். பத்திரத்துல விற்பவர் பேர் கடைசி வரைக்கும் அவர் பேர்தான். பதிவானதும் அது அவர் கையெழுத்துப் போட்ட நாளுக்கே போயிரும்."

அவர் ஒரு சோளத் தோகையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கிளிகள் வந்து இறங்கின. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப வருசம் கழிச்சுப் போனாத்தான் அப்பன் காட்ட நான் வித்தவனாவேன்" என்றார் மெதுவாக.

"ஆமா தம்பி."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல சார்?"

அன்றைக்கும் நிறையத்தான் சொன்னேன். நான்கு மாதம், தண்டம், மாவட்டப் பதிவாளர், நீதிமன்றம் என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். இந்த ஒன்றுதான் அவருக்குத் தேவைப்பட்டது, அதை மட்டும் சொல்லவில்லை. விதிகள் தெரிந்தவர்கள் எப்போதும் எதிராளி பயப்பட வேண்டிய விதியைத்தான் முதலில் சொல்கிறோம்.

"என்னைக்கு வரணும்?" என்றார் மகன். எழுந்து போய்க் குச்சியை எடுத்துத் தகரத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். காடே பச்சையாக எழுந்து பறந்தது.

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று கைக்கு வர மாசி பிறந்துவிட்டது. டோக்கன் உடனே கிடைத்தது. யாரும் நல்ல நேரம் என்று நினைக்காத ஒரு நேரத்தில். மகன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். மச்சானும் வந்தார், சண்டை நடந்தால் பார்க்காமல் விட்டுவிடக்கூடாதே என்று. சார்பதிவாளர் ஒரு இளம்பெண். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. பொதுமக்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்து, விதிகளை அவர் ஒவ்வொன்றாகச் சரியாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அடையாள அட்டை, சாட்சிகள்.

பத்திரத்தை மகன் பக்கம் திருப்பி, "இது உங்க அப்பா கையெழுத்துதானா?" என்றார்.

மகன் குனிந்து பார்த்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். மூலையில் உலர்ந்திருந்த மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது. ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். மனைவி என் கையைப் பிடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"அப்பா போட்டதுதான்" என்றார் மகன். "இந்த எடத்துல அவருக்குக் கை வலிச்சிருக்கும். கோணலாப் போயிருக்கு."

"ஒப்புக்கொள்றீங்களா?"

"ஒத்துக்கிறேம்மா."

புகைப்படம் எடுத்தார்கள். ரேகை வைத்தார்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில், எழுதிக்கொடுத்தவரின் வாரிசு வந்து ஒப்புக்கொண்டதாக ஒரு வாசகம் ஏறியது. பத்திரம் கைக்கு வந்ததும் மகன் அந்த வாசகத்தை வாய்விட்டுப் படித்தார். விற்றவர் என்ற இடத்தில் தன் பெயர் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு அலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தார்.

"மாப்ள, ஸ்டேட்டஸ்ல போட்டுரு" என்றார் மச்சான். "ஊரே பாக்கட்டும்."

"போடத்தாண்டா போறேன்."

பட்டா மாற்றத்துக்கு மனு தானாகவே போய்விடும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

அறுவடை அடுத்த வாரம். காலையிலேயே போய்விட்டோம். மகன் விடுப்பு எடுத்திருந்தார். மச்சானும் இன்னும் சிலரும் அரிவாளோடு வந்திருந்தார்கள். எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்றார்கள், யாரும் உள்ளே இறங்கவில்லை. பனி இன்னும் தாழ்வாகக் கிடந்தது. சோளம் அதிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மகன் என் மனைவியிடம் வந்தார். "எறங்கலாமாம்மா?"

அவளுக்குப் புரியவில்லை. "ஒங்க சோளம் தம்பி. என்னையப் போயி கேக்குறீங்க?"

"சோளம் எங்களுதுதாம்மா. நிக்கிறது ஒங்க நெலத்துலல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் அதற்கு விதி எதுவும் இல்லை. அவள் வரப்பையும், அந்த ஆட்களையும், அப்புறம் தன் காலடியையும் பார்த்தாள்.

"எறங்குங்க" என்றாள். குரல் சரியாக எழவில்லை. இன்னொரு முறை, கிளி விரட்டும் குரலில் சொன்னாள்: "எறங்குங்கய்யா."

இறங்கினார்கள். அரிவாள் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. ஒரு வரிசை சாய்ந்தது, அடுத்த வரிசை சாய்ந்தது. பனி கலைந்தது. இத்தனை நாளும் பயிருக்குள் மறைந்து கிடந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, செம்மையாக, ஈரமாக, நான் வரைபடத்தில் பார்த்ததைவிடச் சற்றுக் கோணலாக. மூலைகளில் எல்லைக்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மலை தெரிந்தது. எல்லாம் அறுத்து முடித்தபோது அவள் அந்த வெறும் நிலத்தின் நடுவில் நின்றிருந்தாள், எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாதவளாக.